செத்தவர்கள் ஓடமாட்டார்கள்

செத்தவன் ஓடமாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நாயுடுபேட்டையிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுப் பையன் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். செத்துப்போனவர்கள் கூட்டமாக எழுந்து, மதிலில் தாவி, வெறிநாய் மாதிரி ஓடிவந்து ஆட்களின் கழுத்தைக் கடித்தார்கள். ஜாம்பி என்றான். “தப்பா எடுத்துக்கீறாங்க தம்பி. செத்தவன் ஓடமாட்டான்” என்றேன். அவன் ஒரு காதிலிருந்து ஒயரை எடுத்து, “நீ பாத்துக்கீறியா தாத்தா?” என்றான். “பாத்துக்கீறேன்” என்றேன். சிரித்துவிட்டு ஒயரை மறுபடி மாட்டிக்கொண்டான்.

அவனிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம். நீங்களும் என் வயசுக்காரர்கள். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பேய்ப்படம் பார்த்தவர்கள். நான் அஞ்சாவதோடு ஸ்கூலை விட்டவன். அதற்குப் பிறகு லாரி கிளீனர், செங்கல் சூளை, திருப்பதியில் லாட்ஜ் வேலை என்று எங்கும் நிலையாக நின்றதில்லை. அதனால் கதை கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

எங்கள் ஊர் நாகலாபுரத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில். வீட்டில் தமிழ், ஸ்கூலில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். மேலத்தெரு எங்களுடையது. ரோட்டை ஒட்டி கீழத்தெரு. வெயில் காலத்தில் தர்மராஜா கோயில் திருவிழா நடக்கும். பாரதம் படித்து முடித்த கடைசி நாள் காலையில் படுகளம். துரியோதனனைக் களிமண்ணில் செய்து தரையில் மல்லாத்தியிருப்பார்கள். அவன் வயிற்றின்மேல் ஒரு மாட்டைக் கட்டலாம், அவ்வளவு பெரிது. அவனைச் சுற்றி ஊர் ஆண்கள் சிலர் போரில் செத்தவர்களாகப் படுப்பார்கள். மேலே வெள்ளைத் துணி போர்த்துவார்கள். பெண்கள் மாரடித்து அழுவார்கள். நடிப்பில்லை, நிஜ அழுகை.

அப்புறம் சாட்டைக்காரர் வருவார். கீழத்தெருக்காரர், கோயில் சாட்டை அவர் குடும்பத்துக் கையில்தான் இருந்தது. புரி புரியாக முறுக்கிய கயிறு, ஆள் மணிக்கட்டு கனம், மஞ்சளும் எண்ணெயும் ஊறிக் கருத்திருக்கும். மஞ்சள் தண்ணீர் தெளித்து அம்மனைக் கூப்பிட்டுச் சாட்டையை வீசுவார். பட்டதும் படுத்திருந்தவன் உடம்பை உதறிக்கொண்டு எழுந்திருப்பான். குலவைச் சத்தம் மலை வரை கேட்கும். செத்தவன் எழுந்திருக்கவேண்டுமானால் சாட்டை படவேண்டும். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

என் பெரியப்பா வருஷா வருஷம் படுப்பார். வாய்த்துடுக்கு உள்ள மனுஷன். லாரி டயரை அறுத்துச் செய்த செருப்பு போட்டிருப்பார். அவர் வருவதற்கு முன்னாலேயே அதன் சரக் சரக் சத்தம் வந்துவிடும். என் தலையில் அதால் தட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். என் அப்பாவை நைனா என்போம். நைனாவுக்கு அவர் அண்ணன் மட்டுமில்லை, அப்பா மாதிரி. அவர் உட்காரச் சொல்லாமல் நைனா உட்காரமாட்டார்.

அந்த வருஷம் சாட்டை பட்டது, பெரியப்பா எழுந்திருக்கவில்லை. மறுபடி பட்டது. எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். துணிக்குக் கீழே அவர் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். சாட்டைக்காரருக்கு முகம் கறுத்தது. சாட்டை பட்டும் பிணம் எழவில்லை என்றால் அவர் கையில் சத்தியம் இல்லை என்று ஊர் சொல்லும். ஓங்கி ஒன்று விட்டார். பெரியப்பாவின் நெஞ்சுத்தோல் பிளந்துகொண்டது. எழுந்தவர் சாட்டையைப் பிடுங்கி, அதாலேயே சாட்டைக்காரரைக் களிமண் துரியோதனனின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அடித்துக்கொண்டே ஓட்டினார்.

அப்புறம் கல், கட்டை, பந்தல்கால் எல்லாம் பறந்தது. நைனாவின் காதுமடல் கிழிந்து தொங்கியது. துரியோதனன் தலை நொறுங்கியது. அன்று சாயங்காலம் மிதிக்கவேண்டிய தீக்குழியில் நெருப்பே போடவில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் தம்பி. மீசை அப்போதுதான் கறுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஊரில் பிழைப்பு போனதும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு கிணற்றில் குதிப்பார். பொங்கலில் மாடு விடும்போது கொம்பில் பலகை கட்டி விரட்டுவார்கள் இல்லையா, அந்தப் பலகையைப் பிடுங்க அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படி ஓடுவார். அம்மா கூரை மேல் ஏறி நின்று, “எந்தம்பிடி! எந்தம்பி!” என்று கத்துவாள்.

எங்கள் கிணற்றில் ஒரு மோட்டார். பெரியப்பாவுக்கு ஒரு முறை, நைனாவுக்கு ஒரு முறை. நைனாவின் முறையில் மாமாதான் தண்ணீர் கட்டுவார். பெரியப்பா வரப்பில் நின்றுகொண்டு, “அக்கா வூட்ல துன்னுட்டு, அக்கா வூட்டுக் கெணத்தையே எறைச்சிக்கினு கீறான் பாரு, வெக்கங்கெட்டவன்” என்பார். மாமா மண்வெட்டியால் மடையைத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

திருவிழா கலைந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் நான் கால்வாய் ஓரத்து மாமரத்தில் உட்கார்ந்திருந்தேன். கிணற்றுப் பக்கமிருந்து பெரியப்பா வந்தார். மோட்டார் சத்தம் நின்றிருந்தது. வலது கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டிருந்தார், பல்வலிக்காரன் தாடையைப் பிடித்துக்கொள்வது மாதிரி. விரல்களுக்கு நடுவில் ரத்தம் வழிந்து சட்டை முழுதும் சிவப்பு. இடது கையால் வேட்டியை நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் ஓஸ் குறுக்கே கிடந்தது. மிதிக்காமல் காலை உயரத் தூக்கித் தாண்டினார். கால்வாயில் இறங்கினார். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. நின்று, காலை ஆட்டி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நடந்து போனார். மெதுவாக இல்லை, அவசரமாகவும் இல்லை. பஸ் வரும் நேரத்துக்கு நடப்பவர் மாதிரி. எனக்குக் கீழேதான் போனார். நான் கூப்பிட்டேன். கேட்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பாமல் ரோட்டுக்கே போனார்.

அவர் கணக்கு சரிதான். சத்தியவேடு பஸ் வரும் நேரம் அது, அங்கேதான் ஆஸ்பத்திரி. ஆனால் ரோட்டில், கீழத்தெரு முனையில் விழுந்துவிட்டார். அங்கே விழுந்ததால், அங்கேதான் வெட்டினார்கள் என்று ஊர் முடிவு செய்தது. வேட்டி முழுக்க ரத்தம். அதில் எது கால்வாய்த் தண்ணீர் என்று யார் பார்ப்பது?

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். “பெரியப்பா கெணத்துலேர்ந்து வந்தாரும்மா.” அம்மா பளீரென்று அறைந்தாள். அப்புறம் என் வாயைப் பொத்திக்கொண்டு, “நீ ஒண்ணும் பாக்கல. மரத்துல தூங்கிக்கினு இருந்த. கனவு கண்ட” என்றாள். அவள் கைகளில் சவுக்கார வாசனை. பின்கட்டில் மாமாவின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அன்று மோட்டார் நைனாவின் முறை. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் வயசு எனக்கு இல்லை. அம்மா சொன்னால் அது கனவுதான்.

போலீஸ் சாட்டைக்காரரைத் தூக்கிப்போனது. காணாமல்போன ஒற்றைச் செருப்பைக் கீழத்தெருவில் வீடு வீடாகத் தேடினார்கள். சாட்சி கிடைக்காமல் அவரைத் திருப்பி அனுப்பியபோது அவரால் வலது காலை ஊன்ற முடியவில்லை. நைனா அவர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். தெலுங்குப் படம். மந்திரவாதி ஒருவன் சுடுகாட்டுப் பிணங்களை எழுப்பி ஜமீன்தார் மேல் ஏவுகிறான். பிணங்கள் நிறைய வேண்டும். வருஷா வருஷம் செத்து எழுந்திருக்கிற ஊர் ஒன்று இருக்கிறது என்று யாரோ டைரக்டரிடம் சொல்லிவிட்டார்கள். இரண்டு தெருவையும் கூப்பிட்டார். பிரியாணி பொட்டலம் உண்டு என்றதும் இரண்டு தெருவும் போனது. மாமாவும் போனார்.

அன்று காலையில் நைனா துவைக்கிற கல்லில் அரிவாள் தீட்டினார். அம்மா அதை முந்தின நாளே அரிசிப் பீப்பாயில் ஒளித்திருந்தாள். கையை விட்டு எடுத்துவிட்டார்.

“வேணாய்யா. புள்ள முகத்தப் பாரு.”

“சாட்டைக்காரனும் இன்னிக்கி வர்றான். எல்லார் மேலயும் செவப்புச் சாயம், எல்லார் கையிலயும் கட்டையில செஞ்ச அரிவா. எது நெசம், எது பொய்யின்னு அவன் உழுந்த அப்புறந்தான் தெரியும்.”

“அவன்தான் வெட்டினான்னு நீ பாத்தியா?”

“வேற எவன்?”

அம்மா வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். அந்த வாய் திறந்து மூடியதை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும் என்று நினைத்திருப்பாள். நைனாவுக்கு அது நாளுக்கு நாள் சூடு ஏறுகிற விஷயம் என்று தெரியாமல் போய்விட்டது.

ஏரிக்கரைப் பனைமரங்களுக்குக் கீழே சூட்டிங். முகத்துக்கு மைதாப் பசை, கண்ணைச் சுற்றிக் கரி. ரத்தத்துக்குச் சிவப்புச் சர்பத் மாதிரி ஒரு பாகு. ஈ மொய்த்துத் தள்ளியது. பிள்ளைகள் நாங்களும் பிணங்கள்தான். என் கன்னத்துப் பாகை நானே நக்கிக்கொண்டிருந்தேன். அம்மா மற்ற பெண்களோடு வேலி ஓரத்தில் நின்று நைனாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அரிவாளைக் கோணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

டைரக்டர் குடைக்குக் கீழேயிருந்து மைக்கில் கத்தினார். “ஆக்‌ஷன்!” ஒரு பிணமும் எழவில்லை. மறுபடி கத்தினார். எழவில்லை.

“ஏமய்யா, தூங்கிட்டீங்களா?”

“சாட்டை படாம எப்டி சார் எழுந்திருக்கிறது?” என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர், கண்ணைத் திறக்காமலே.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். சாட்டைக்காரர் நொண்டிக்கொண்டே போய்க் கோயில் சாட்டையைக் கொண்டுவந்தார். வீசினார். பிணங்கள் உடம்பை உதறி, முடியை விரித்துப்போட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுந்தன.

“இது சாமி! நான் கேட்டது சவம்!” டைரக்டர் எழுந்துவந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, முட்டியை மடக்காமல் நடந்து காட்டினார். “இப்படி. நிதானங்கா. மெல்ல, மெல்ல.”

“கண்ணு தெரியாதவன் சுவரு தேடுற மாதிரி கீது சார்.”

“இல்லடா, சாராயம் குடிச்சிட்டு வூட்டுக்குப் போறவன் மாதிரி கீது.”

“செத்தவனுக்கு முட்டி மடங்காதுப்பா. பாடையில தூக்கறப்போ பாத்ததில்ல?”

“முட்டி மடங்காதவன் எழுந்திருக்கவே மாட்டான். வெறைச்சவன் எப்டி நடப்பான்?”

இரண்டு தெருவும் ரொம்ப நாள் கழித்து ஒன்றோடொன்று பேசியது அன்றுதான். டைரக்டர் மைக்கை வீசிவிட்டு, “உங்கள்ல எவனாவது செத்தவன் நடந்து பார்த்திருக்கானா? சும்மா பேசறீங்களே!” என்றார்.

“நான் பாத்துக்கீறேன்” என்றேன்.

யாரையும் காப்பாற்ற நான் சொல்லவில்லை. எல்லாரும் தப்புத் தப்பாக நடந்தார்கள், அதனால் சொன்னேன். டைரக்டர் சிரித்து, மற்றவர்களை மறுபடி படுக்கச் சொல்லிவிட்டு, “நட ராஜா” என்றார்.

நடந்தேன். கழுத்தைப் பொத்திக்கொண்டேன். மறு கையால் அரைக்கால் டிராயரைத் தூக்கிப் பிடித்தேன். அங்கே இல்லாத ஓஸைத் தாண்டினேன். நின்று, காலை ஆட்டி இழுத்தேன். அப்புறம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, பஸ்ஸுக்குப் போகிறவன் மாதிரி போனேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள்.

“அத்புதம்!” என்றார் டைரக்டர். “அந்த நொண்டல்! அது எப்படி வந்தது?”

“ஒத்தச் செருப்பு சார். இன்னொண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு.”

நைனா எழுந்து உட்கார்ந்தார். “எந்தச் சேத்துல?”

“நம்ம கால்வாயில நைனா. பெரியப்பா கெணத்துலேர்ந்து வந்தாரே, அன்னிக்கி.”

“பொய்யி!” வேலியிலிருந்து அம்மா அலறினாள். “தூங்கிக்கினு இருந்தான்! அவன் கனவு கண்டான்!”

அந்த அலறல்தான் நைனாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. முதலில் அம்மாவைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பி, பிணங்களுக்கு நடுவில் மாமாவைப் பார்த்தார். மைதா பூசிய முகத்தில் மாமாவின் கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

மாமா ஓடினார்.

மாடு விடுகிற நாளில் ஓடுவாரே, அந்த ஓட்டம். படுத்திருந்தவர்களைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைச் சுற்றி, ஏரிக்கரை மேட்டில் ஏறினார். நைனா கோணியை உதறிவிட்டுப் பின்னால் போனார். டைரக்டர் துள்ளினார். “கேமரா! கேமரா! விடாதே!” மாமாவை மாடும் பிடிக்காது. ஆனால் கரையில் வேட்டி தடுக்கி முழங்கால் குத்தி விழுந்தார். அரிவாள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. ஈரக்கட்டையைக் கோடாலியால் பிளக்கிற சத்தம். பாகுக்கு அந்த நிறம் இல்லை; அதுவும் அப்படிப் பீறிடாது. டைரக்டருக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது வெட்டுக்கு ஓங்கிய கை கீழே வரவில்லை. சாட்டைக்காரர் வீசிய சாட்டை நைனாவின் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அரிவாள் எங்கோ தெறித்தது. அந்த நொண்டிக்காலோடு நைனாவின் மேல் விழுந்து, அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். “போதும்டா. என்னை வெட்ட அரிவா வெச்சிருந்தியே, அதுலயே அவன வெட்டிட்ட. போதும்.”

மாமா குப்புறக் கிடந்தார். பூசிய முகங்களோடு இரண்டு தெருவும் சுற்றி நின்றது. அப்போது யாரோ சொன்னார்கள்: “சாட்டை போடு!”

“ஆமா, சாட்டை போடு! எழுந்திருவான்!”

எல்லாரும் கத்தினார்கள். மேலத்தெரு, கீழத்தெரு, பெண்கள், எல்லாரும். அம்மாவும்தான். “எந்தம்பிக்கு சாட்டை போடு சாமி!” என்று சாட்டைக்காரர் காலில் விழுந்தாள். எங்களுக்குத் தெரிந்தது அதுதானே? பிறந்ததிலிருந்து படுத்தவர்கள் எழுந்துதான் பார்த்திருக்கிறோம். சாட்டைக்காரர் நைனாவை நான்கைந்து பேரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு வந்தார். மஞ்சள் தண்ணீர் இல்லை. டீ டிரம்மில் இருந்த தண்ணீரைத் தெளித்தார். அம்மன் பேரைச் சொல்லி வீசினார். மறுபடி வீசினார். முதுகில் வரி வரியாகத் தடித்தது.

மாமாவின் உடம்பு உதறியது. கையை ஊன்றினார். எழுந்தார்.

குலவை எழும்பியது. “எழுந்துட்டான்! எழுந்துட்டான்!” அம்மா கையைக் கூப்பிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். மாமா கழுத்தைப் பொத்திக்கொண்டார், பல்வலிக்காரன் மாதிரி. இன்னொரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். ரோட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. எனக்கு அந்த நடை தெரியும்.

“அப்டித்தான் நைனா!” என்று கத்தினேன். “பெரியப்பாவும் அப்டித்தான் நடந்தாரு!”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். குலவை நின்றது. மாமா அவளிடம் வந்து நின்றார். “மோட்டார நிறுத்திட்டாருக்கா” என்றார். “சோத்துக்கு வந்த நாயின்னாரு. மடை திருப்புற மம்முட்டி கையில இருந்துச்சிக்கா.” அப்புறம் இன்னும் கொஞ்சம் நடந்து, ரோட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். சினிமாக் கம்பெனி ஜீப்பில் போட்டு சத்தியவேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர், “இவனை ஏன் நடக்க விட்டீங்க? படுக்க வெச்சு அழுத்திப் பிடிச்சிருந்தா உயிரு நின்னிருக்கும்” என்றாராம். சாட்டை போட்டோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நைனா ஜெயிலுக்குப் போனார். சாட்டைக்காரர் மறுநாள் எங்கள் கால்வாயில் தனியாக இறங்கி, சேற்றைக் கையால் அளைந்து அளைந்து, அந்த டயர் செருப்பை எடுத்தார். கழுவி எங்கள் வாசலில் வைத்துவிட்டு போனார். சாட்டையைக் கோயில் உத்தரத்தில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை.

அம்மா எனக்குச் சோறு போட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைக்கிற சத்தத்தில் சாப்பிடவேண்டும் என்று தெரிந்துகொள்வேன். ஒரு பிள்ளை எவ்வளவு நாள் அப்படித் தெரிந்துகொள்ள முடியும்? ஊரைத் தாண்டும் லாரிகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நான் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் படம் வந்தது. சத்தியவேடு கொட்டகையில் போட்டார்கள். வெட்டு பதிவான பிலிம் சுருளைப் போலீஸ் வாங்கிக்கொண்டதாம். ஓட்டம் மட்டும் எப்படியோ கம்பெனியிடம் தங்கிவிட்டது. படம் எடுத்தவன் எதையும் வீணாக்கமாட்டான். ஒரு மத்தியானம் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அத்தனை மாதம் கழித்து வாயைத் திறந்தாள்.

“அதுல அவன் ஓடுறானாமே. கூட்டிக்கினு போ.”

மேட்டினி. பெண்கள் பக்கத்தில் அவளோடு நானும் உட்கார்ந்தேன். பிணங்கள் கையை நீட்டிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தன, டைரக்டர் காட்டிய மாதிரியே. கொட்டகை பயந்து அடங்கியிருந்தது. அப்போது ஒரு பிணம் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியது. கம்பத்தைச் சுற்றி, கரையில் ஏறி, முடி பறக்க ஓடியது. கொட்டகை முழுக்கச் சிரித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன் விசிலடித்து, “செத்தவன் எங்கடா ஓடுவான்!” என்று கத்தினான்.

அம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பெஞ்சு நுனிக்கு நகர்ந்து, கழுத்தை எக்கி, கூரை மேல் நின்று மாடு விடுவதைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாருடா,” என்றாள். “எப்டி ஓடுறான் பாரு.”